பழைய கேமிங் கணினியை விஆர் விமான சிமுலேட்டருக்குத் தயார்செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஆர் என்பது தலையில் மாட்டும் ஹெட்செட்டில் பார்க்கும் மெய்நிகர் காட்சி. இங்கே பழைய கணினி என்பது ஏறக்குறைய 2014 முதல் 2021 வரை வாங்கிய, அல்லது பாகம் பாகமாக வாங்கிக் கூட்டிய, கேமிங் டெஸ்க்டாப். லேப்டாப்பில் ப்ராசஸரையும் கிராபிக்ஸையும் மாற்ற வழியில்லாததால் அதைச் சேர்க்கவில்லை. சிமுலேட்டர் என்று பொதுவாகச் சொல்லும் இடங்களில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, 2024, எக்ஸ்-பிளேன் 12, டிசிஎஸ் வேர்ல்டு ஆகியவற்றைக் குறிக்கிறோம்.

மானிட்டரில் நன்றாக ஓடும் சிமுலேட்டர் விஆரில் மட்டும் ஏன் திணறுகிறது?

முதலில் பிக்சல் கணக்கு. முழு எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 4கே திரையில் 83 லட்சம். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064 × 2208. இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் 91 லட்சம். அதோடும் முடிவதில்லை. லென்ஸ் படத்தை வளைக்கும் என்பதால், நடுப்பகுதி தெளிவாகத் தெரிய வேண்டுமானால் நீளத்திலும் அகலத்திலும் ஏறக்குறைய 1.4 மடங்கு பெரிதாக வரைந்து பிறகு சுருக்க வேண்டும். அப்போது பிக்சல் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும்.

அடுத்தது நேரம். 72 ஹெர்ட்ஸில் ஓடும் ஹெட்செட் 13.9 மில்லி விநாடிக்கு ஒரு முறை புதுப் படம் கேட்கும். 90 ஹெர்ட்ஸ் என்றால் 11.1 மில்லி விநாடி. மானிட்டரில் விநாடிக்கு 40 ஃப்ரேம் (படம்) வந்தாலே விமானம் ஓட்டத் தாராளம். விஆரில் அதே 40, ஒழுங்கில்லாமல் வந்தால், தலையைத் திருப்பும்போது காக்பிட் இரட்டையாகத் தெரியும், சிலருக்குக் குமட்டும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. விமான சிமுலேட்டர்கள் ப்ராசஸரின் ஒரே ஒரு கோரில் (தனித்து வேலை செய்யும் பகுதியில்) பெரும் சுமையை ஏற்றுபவை. பறத்தல் கணக்கு, விமானத்தின் மின்சார, ஹைட்ராலிக் அமைப்புகள், காக்பிட் திரைகள், தரைக்காட்சியை ஏற்றுவது என்று எல்லாமே ஒரு முதன்மைத் த்ரெட்டை, அதாவது ஒரே வேலை வரிசையை, சுற்றித்தான் நடக்கும். இரண்டு கண்ணுக்கும் வரையச் சொல்லிக் கட்டளை அனுப்பும் வேலையும் அதன் தலையிலேயே விழுகிறது. மற்ற விஆர் விளையாட்டுகள் சுலபமாக ஓடும் கணினி இங்கே மூச்சு வாங்குவது இதனால்தான்.

ப்ராசஸரை மாற்றுவதா, கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதா?

அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். டாஸ்க் மேனேஜர் இதற்கு உதவாது. எட்டுக் கோர் ப்ராசஸரில் ஒரு கோர் முழுக்க நிரம்பியிருக்கும். டாஸ்க் மேனேஜரோ மொத்தப் பயன்பாடு 25 சதவீதம்தான் என்று காட்டும். அதைப் பார்த்து "ப்ராசஸர் சும்மாதான் இருக்கிறது" என்று முடிவுகட்டி, கிராபிக்ஸ் கார்டு வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம்.

எளிய சோதனை இது. நீங்கள் வழக்கமாகப் பறக்கும் கனமான இடம் ஒன்றை, ஒரு பெரிய விமான நிலையத்தின் ஓடுபாதையை, எடுத்துக்கொள்ளுங்கள். வானிலையும் நேரமும் மாறாமல் நிலையாக வையுங்கள். ஹெட்செட்டின் மோஷன் ஸ்மூத்திங், ஸ்பேஸ்வார்ப் போன்ற, இடையில் விடுபடும் படங்களைத் தானே உருவாக்கி நிரப்பும் வசதிகளை அணைத்துவிட்டு ஃப்ரேம் நேரத்தை (ஒரு படம் வரைய ஆகும் நேரத்தை) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெண்டர் தெளிவை, அதாவது படம் வரையும் பிக்சல் அளவை, பாதியாகக் குறைத்து மறுபடி பாருங்கள். ஃப்ரேம் நேரம் நன்றாக இறங்கினால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது. அசையவே இல்லையென்றால் தடை ப்ராசஸரில். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அந்த இடத்தில் எண் ஏறாது.

சிமுலேட்டர்களிலேயே இதற்கு வசதி உண்டு. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை இயக்கி எஃப்பிஎஸ் காட்டியைத் திறந்தால், மெயின் த்ரெட் (ப்ராசஸர்) தடையா, ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) தடையா என்று அதுவே சொல்லிவிடும். டிசிஎஸ்ஸில் வலது கன்ட்ரோலோடு பாஸ் (Pause) விசையை அழுத்துங்கள். எக்ஸ்-பிளேனில் டேட்டா அவுட்புட் பக்கத்தில் ஃப்ரேம் ரேட் வரியைத் தேர்ந்தெடுத்தால் சிபியு (ப்ராசஸர்) நேரமும் ஜிபியு நேரமும் தனித்தனியாக வரும். தரையில் ஒரு முறை, மேகத்துக்கு நடுவே ஒரு முறை என்று இரண்டு இடத்திலும் பாருங்கள். பெரிய விமான நிலையத்தில் ப்ராசஸரும், அடர்ந்த மேகத்தில் கிராபிக்ஸ் கார்டும் தடையாக இருப்பது மிகச் சாதாரணம்.

என் மதர்போர்டில் எதுவரை ஏற்றலாம்?

2014-இன் ஐ7-4790கே போன்ற டிடிஆர்3 காலத்து இன்டெல் கணினி என்றால், அந்த மதர்போர்டில் பணம் போடாதீர்கள். ப்ராசஸர், போர்டு, ரேம் மூன்றும் ஒரே நேரத்தில் மாற வேண்டியவை. 6700கே, 7700கே வைத்திருப்பவர்களும் முட்டுச்சந்தில்தான் இருக்கிறார்கள்: எட்டாம் தலைமுறையின் சாக்கெட் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இசட்170, இசட்270 போர்டுகள் அதை ஏற்காது. இசட்370, இசட்390 போர்டில் 8700கே இருந்தால் 9900கே வரை போகலாம். ஆனால் ஒரு கோரின் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடைக்காது. சிமுலேட்டருக்காக மட்டும் அதை வாங்குவதில் அர்த்தமில்லை.

அதிர்ஷ்டசாலிகள் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் கொண்ட போர்டு வைத்திருப்பவர்கள். 2017-இல் வந்த பி350, எக்ஸ்370 போர்டுகளுக்குக்கூட 2022-இல் ரைசன் 5000 வரிசைக்கான பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) வந்துவிட்டது. முதல் தலைமுறை ரைசன் 5 1600-ஐக் கழற்றிவிட்டு, போர்டையும் ரேமையும் அப்படியே வைத்துக்கொண்டு ரைசன் 7 5800எக்ஸ்3டி போட முடியும். ஒரே பாகத்தை மாற்றி இவ்வளவு தூரம் தாவுவது கணினி உலகத்தில் அபூர்வம்.

எக்ஸ்3டி ப்ராசஸர்களை ஏன் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள்?

விமான சிமுலேட்டரின் முதன்மைத் த்ரெட் பெரும்பாலும் கணக்குப் போட்டுக் களைப்பதில்லை. ரேமிலிருந்து தரவு வரும்வரை காத்திருந்தே நேரத்தை இழக்கிறது. சாதாரண 5800எக்ஸில் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பி. 5800எக்ஸ்3டியில் சிப்பின் மேல் இன்னொரு அடுக்கு வைத்து அதை 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். அடிக்கடி தேவைப்படும் தரவு அங்கேயே கிடைத்துவிடுவதால் காத்திருப்பு குறைகிறது. சராசரி ஃப்ரேமைவிட, திடீர்ச் சறுக்கல்கள் குறைவதுதான் விஆரில் உடனே தெரியும் பலன்.

கடிகார வேகம் 5800எக்ஸைவிடச் சற்றுக் குறைவு என்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். 2024-இல் வந்த 5700எக்ஸ்3டி இன்னும் கொஞ்சம் மெதுவானது, ஆனால் கேஷ் அதே 96 எம்பி. இரண்டில் எது கிடைக்கிறதோ அது போதும். பழையதாக வாங்கினால் ஏஎம்4-இல் பின்கள் ப்ராசஸரின் அடியில்தான் இருக்கும் என்பதை மறக்காமல், வளைந்த பின் இருக்கிறதா என்று பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள்.

ஏஎம்4 போர்டில் ப்ராசஸரை மாற்றும் சரியான வரிசை என்ன?

பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் புது ப்ராசஸரோடு திரை கறுப்பாகவே இருக்கும். ப்ராசஸர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் பொத்தான் எல்லாப் போர்டிலும் இல்லை. போர்டு தயாரித்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் உங்கள் போர்டின் மாடலையும் ரிவிஷன் எண்ணையும் சரிபார்த்து, ப்ராசஸர் பட்டியலில் உங்கள் சிப்புக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பாருங்கள். மிகப் பழைய பயாஸிலிருந்து நேராகத் தாவக்கூடாது, நடுவில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டு வா என்று சில போர்டுகள் கேட்கும். அந்தக் குறிப்பைப் படிக்காமல் விடாதீர்கள்.

விண்டோஸில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டிக் காக்கும் வசதி) இயங்கினால் முதலில் அதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள், மீட்புச் சாவியைத் தனியே எழுதி வையுங்கள். அந்தப் பூட்டின் சாவிகளை வைத்திருக்கும் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி ப்ராசஸரோடு கட்டப்பட்டது. புதுச் சிப்போடு முதல் முறை இயக்கும்போது எஃப்டிபிஎம்மை அழித்துப் புதிதாக்கவா என்று பயாஸ் கேட்கும். மீட்புச் சாவி கையில் இல்லாமல் சரி என்று அழுத்தினால் டிரைவில் இருப்பது பூட்டிக்கொள்ளும்.

இனிக் கழற்றும் வேலை. ஏஎம்4 சாக்கெட்டில் ப்ராசஸரைப் பிடித்துக்கொள்ள மேலே தகடு கிடையாது. ஐந்தாறு வருடம் இறுகிப்போன பேஸ்ட்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால், நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸர் கூலரோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். அதனால் முதலில் ஏதாவது ஒரு விளையாட்டைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றுங்கள். கணினியை அணைத்து, மின் கேபிளைப் பிடுங்கி, கூலரின் பிடிகளைத் தளர்த்துங்கள். கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிக்கொண்டே இருங்கள். பேஸ்ட் விட்டுக்கொடுத்து வழுக்குவது கைக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் மேலே தூக்க வேண்டும்.

புது ப்ராசஸரை முக்கோணக் குறி பார்த்து வைத்தால் எடையாலேயே உட்கார்ந்துவிடும், விரலால் அழுத்த வேண்டிய தேவை வராது. நடுவில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் போதும். எக்ஸ்3டி சிப்கள் சூடாக ஓடுபவை. மேலே அடுக்கிய கேஷ் வெப்பத்தைத் தடுப்பதால், பழைய ப்ராசஸரோடு பெட்டியில் வந்த சிறிய கூலர் 5800எக்ஸ்3டிக்குப் பற்றாது. 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட நல்ல டவர் கூலர் போடுங்கள். 90 டிகிரிதான் அதன் வரம்பு, அதைத் தொட்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கடைசியாக, பயாஸ் மாறியதும் ரேமின் எக்ஸ்எம்பி செட்டிங் (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டுவது) அழிந்திருக்கும். மறுபடி உள்ளே போய் அதை இயக்குங்கள்.

கிராபிக்ஸ் கார்டில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் விரேம், அதாவது கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம். 8 ஜிபி கார்டுகள் விஆர் சிமுலேட்டரில் சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பியதும் மிச்சத்தை ரேமிலிருந்து பிசிஐ பாதை வழியாக இழுக்கும். 30-இல் இருந்த ஃப்ரேம் திடீரென 8-க்கு விழுந்து, சில விநாடி கழித்து எழும். இந்த அறிகுறி தெரிந்தால் முதலில் டெக்ஸ்சர் அளவைக் குறைத்துப் பாருங்கள். புதிதாக வாங்கும்போது 12 ஜிபி குறைந்தபட்சம், 16 ஜிபி நிம்மதி.

பழைய போர்டுக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது பிசிஐ லேன் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் பாதை) எண்ணிக்கை. ஆர்டிஎக்ஸ் 4060, 4060 டிஐ, ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 7600, ஆர்டிஎக்ஸ் 5060 எல்லாம் எட்டு லேன் கார்டுகள். பிசிஐ 3.0 போர்டில் எட்டு லேன் என்றால் விநாடிக்குச் சுமார் 8 ஜிபிதான் போகும். 16 லேன் கார்டு அதே போர்டில் அதன் இரு மடங்கை வாங்கும். விரேம் நிரம்பாதவரை இது பெரிதாகத் தெரியாது. நிரம்பும்போது நன்றாகவே உறைக்கும். ஆகவே பழைய போர்டுக்கு 16 லேன் கார்டுகளே பொருத்தம்: ஆர்டிஎக்ஸ் 4070 வரிசை, ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ போன்றவை.

விளம்பரத்தில் வரும் ஃப்ரேம் ஜெனரேஷன் (கார்டே நடுநடுவே செயற்கை ஃப்ரேம் செருகுவது) எண்களை மறந்துவிடுங்கள். அந்த வசதி விஆரில் பயன்படாது. சிறிதாக வரைந்து பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங் மட்டும் பயன்படும், அது ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்தே உண்டு.

குவெஸ்ட் ஹெட்செட்டைக் கேபிளிலோ வைஃபையிலோ இணைக்கும்போது படத்தை வீடியோவாக என்கோடு செய்து அனுப்புவதும் இந்தக் கார்டின் வேலைதான். புதிய வீடியோ முறையான ஏவி1-க்கான என்கோடர் ஆர்டிஎக்ஸ் 40, ரேடியான் 7000 வரிசைகளிலிருந்துதான் கிடைக்கிறது. இன்டெல் ஆர்க் கார்டுகளை மெட்டாவின் லிங்க் (குவெஸ்ட்டைக் கணினியோடு இணைக்கும் மென்பொருள்) அதிகாரப்பூர்வமாக ஆதரிப்பதில்லை; விஆருக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பவர் சப்ளையை மாற்ற வேண்டுமா?

பெட்டியின் மேல் எழுதிய வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4070-க்கு 200 வாட், அதற்கு 650 வாட் சப்ளை போதும். ஆர்டிஎக்ஸ் 3080-க்கு 320 வாட், 750 வாட் சப்ளை பரிந்துரை. ஆனால் 3080 போன்ற கார்டுகள் மில்லி விநாடி நேரத்துக்குத் தங்கள் சராசரியைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு இழுக்கும். பழைய சப்ளையின் பாதுகாப்புச் சுற்று அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு கணினியை அணைத்துவிடும். நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை, விஆரை இயக்கியதும் பட்டென்று மொத்தமும் இருண்டுவிட்டால் முதல் சந்தேகம் பவர் சப்ளை மேல்தான் விழ வேண்டும்.

எட்டு பின் பிளக் ஒவ்வொன்றும் 150 வாட்டுக்கானது. கார்டில் இரண்டு பிளக் இருந்தால் சப்ளையிலிருந்து இரண்டு தனிக் கேபிள் கொண்டுவாருங்கள்; ஒரே கேபிளில் தொங்கும் இரட்டைத் தலையை இரண்டிலும் செருகுவது கனமான கார்டுக்கு நல்லதல்ல. புதுக் கார்டுகளின் 12விஎச்பிடபிள்யூஆர் பிளக் கடைசிவரை உள்ளே போய் இடைவெளி தெரியாமல் உட்கார வேண்டும். அரைகுறையாகச் செருகினால் அது உருகும்.

சப்ளையை மாற்றினால் அதன் கேபிள்களையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய) சப்ளையின் கேபிள் புதியதில் அழகாகப் பொருந்தும், ஆனால் சப்ளைப் பக்கத்துப் பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டிகள் ஒரே நொடியில் செத்துப்போகும்.

ரேம் எவ்வளவு?

32 ஜிபி. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் 2024-க்கும், கூட்டமான டிசிஎஸ் மல்டிபிளேயருக்கும் 64 ஜிபி இருந்தால் வசதி. டிடிஆர்4 3200 அல்லது 3600, இரண்டு குச்சிகளாக, ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில். இருக்கிற 16 ஜிபியோடு வேறு ஜோடியைச் சேர்த்தால் சில நேரம் எக்ஸ்எம்பி வேகத்தில் நிலைக்காது. அப்போது வேகத்தை ஒரு படி இறக்குவதுதான் வழி. 16 ஜிபியிலேயே கொஞ்ச நாள் ஓட்டியாக வேண்டும் என்றால் எஸ்எஸ்டியில் 32 ஜிபி பேஜ்ஃபைல் (ரேம் போதாதபோது பயன்படும் இடம்) ஒதுக்குங்கள், டிசிஎஸ் நடுவில் மூடிக்கொள்வது நிற்கும்.

எஸ்எஸ்டியை என்விஎம்இ ஆக்கினால் ஃப்ரேம் ஏறுமா?

ஏறாது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கேபிளில் இணையும் சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து, போர்டில் நேராகச் செருகும் வேகமான என்விஎம்இக்கு மாறினால் ஏற்றும் நேரம் மட்டும் சற்றுக் குறையும். ஒரு எச்சரிக்கை: பழைய போர்டுகள் பலவற்றில் எம்.2 இடத்தில் டிரைவ் செருகியதும் ஐந்தாம், ஆறாம் சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். புது டிரைவ் போட்டதும் பழைய டிரைவ் காணாமல் போனால் பதறாமல் வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

பழைய கணினிக்கு எந்த ஹெட்செட் பொருந்தும்?

கிராபிக்ஸ் கார்டு நடுத்தரம் என்றால் ஹெட்செட்டும் நடுத்தரமாக இருக்கட்டும். ஒரு கண்ணுக்கு 2880 × 2880 கொண்ட பைமேக்ஸ் கிரிஸ்டல் லைட்டை ஆர்டிஎக்ஸ் 3060-இல் செருகினால் அதன் தெளிவில் பாதியைக்கூடப் பார்க்க முடியாது. குவெஸ்ட் 3 தெளிவுக்கும் சுமைக்கும் இடையே நல்ல சமநிலை. பான்கேக் லென்ஸ் என்பதால் ஓரத்தில் இருக்கும் கருவிகளைக்கூடத் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நகர்த்திப் படிக்கலாம். குவெஸ்ட் 3எஸ்ஸில் திரைத் தெளிவு குவெஸ்ட் 2-இன் அளவே, 1832 × 1920, லென்ஸும் பழைய ஃப்ரெனல் வகை. காக்பிட்டில் சிறிய எழுத்துகளைப் படிக்க அது கஷ்டப்படுத்தும்.

டிஸ்பிளேபோர்ட்டில் நேராக இணையும் ஹெட்செட்டுகளில் வீடியோ என்கோடு செய்யும் சுமையும் தாமதமும் இல்லை, பழைய கார்டுக்கு அது ஆறுதல்.

எச்பி ரிவர்ப் ஜி2-ஐப் பழையதாக வாங்க நினைப்பவர்கள் கவனிக்க: அதை இயக்கும் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி மென்பொருளை விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. 2025-இல் ஓயாசிஸ் என்ற இலவச டிரைவர் வந்தது. அது ஸ்டீம்விஆர் (ஸ்டீம் தளத்தின் விஆர் மென்பொருள்) வழியாக இந்த ஹெட்செட்டுகளை மறுபடி இயக்குகிறது, ஆனால் என்விடியா கார்டு இருந்தால்தான். ரேடியான் வைத்திருப்பவர்கள் ஜி2 பக்கம் போக வேண்டாம். விண்டோஸ் 10-இலேயே இருந்துவிடலாம் என்றால் அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

குவெஸ்ட்டைக் கேபிளில் இணைப்பதா, வைஃபையிலா?

இரண்டும் சரியாக அமைத்தால் நன்றாக இருக்கும். இரண்டையும் தவறாக அமைப்பதும் சுலபம்.

கேபிள் என்றால் போர்டின் பின்புறத்து யுஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகுங்கள், பெட்டியின் முன்புறத்து போர்ட்டிலோ ஹப்பிலோ வேண்டாம். மெட்டா மென்பொருளில் கேபிள் சோதனை இருக்கிறது. அது யுஎஸ்பி 2 என்று காட்டினால் கேபிளைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். சாதாரண யுஎஸ்பி 3 போர்ட் 4.5 வாட்தான் தரும், ஹெட்செட் அதைவிட அதிகம் செலவழிக்கும். அதனால் கேபிளில் இருந்தும் பேட்டரி மெல்ல இறங்கும். நீண்ட பறத்தலுக்குத் தனியாக மின்சாரம் தரும் கிளை கொண்ட கேபிள் வாங்குங்கள். படம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மெட்டா மென்பொருளோடு வரும் ஆக்குலஸ் டீபக் டூலில் டைனமிக் பிட்ரேட்டை அணைத்து, என்கோடு பிட்ரேட்டை 300 எம்பிபிஎஸ்ஸில் தொடங்கி ஐம்பது ஐம்பதாக ஏற்றுங்கள். ஒலி விட்டு விட்டு வர ஆரம்பித்தால் ஒரு படி இறங்கி நில்லுங்கள்.

வைஃபை என்றால் கணினி ரவுட்டரோடு கிகாபிட் ஈதர்நெட் கேபிளில் இணைந்திருக்க வேண்டும். கணினியும் வைஃபை, ஹெட்செட்டும் வைஃபை என்று வைத்துக்கொண்டு படம் தடுக்குகிறது என்று புலம்பிப் பயனில்லை. வைஃபை 6 ரவுட்டர் அதே அறையில், 5 கிகாஹெர்ட்ஸில், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், முடிந்தால் ஹெட்செட்டுக்கு மட்டும் என்று இருந்தால் இணைப்பு வேகம் 1200 எம்பிபிஎஸ் காட்டும். குவெஸ்ட்டை வைஃபையில் இணைக்கும் வெர்ச்சுவல் டெஸ்க்டாப் செயலியும், அதன் சொந்த விடிஎக்ஸ்ஆர் ரன்டைமும் (சிமுலேட்டருக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவே நிற்கும் மென்பொருள்) பழைய கணினிகளில் மெட்டாவின் மென்பொருளைவிட இலேசாக ஓடுவது வழக்கம்.

ஓபன்எக்ஸ்ஆர், ஸ்டீம்விஆர்: எதை வைப்பது?

குவெஸ்ட்டுக்கு ஸ்டீம்விஆர் தேவையற்ற இடைத்தரகர். சிமுலேட்டர் ஹெட்செட்டோடு ஓபன்எக்ஸ்ஆர் என்ற பொது விஆர் முறையில் பேசும். அதை நேராக மெட்டா அல்லது விடிஎக்ஸ்ஆர் ரன்டைமுக்கு அனுப்பினாலே சில மில்லி விநாடி மிச்சமாகும். மெட்டா மென்பொருளின் பொது செட்டிங்கில் அதைச் செயலில் உள்ள ஓபன்எக்ஸ்ஆர் ரன்டைமாக ஆக்கும் பொத்தான் இருக்கிறது. வேறு விஆர் மென்பொருள் எதையாவது நிறுவினால் அது இந்த இடத்தைத் தனதாக்கிக்கொள்வது உண்டு. நேற்றுவரை ஓடிய சிமுலேட்டர் இன்று ஹெட்செட்டைக் காணோம் என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

விநாடிக்கு எத்தனை ஃப்ரேமைக் குறிவைப்பது?

பழைய கணினியில் 90-ஐத் துரத்தாதீர்கள். 72 ஹெர்ட்ஸில் ஹெட்செட்டை வைத்து, சிமுலேட்டரை நிலையான 36-இல் பூட்டி, மீதிப் பாதியை ஸ்பேஸ்வார்ப் இட்டு நிரப்பும்படி விட்டால் மெதுவான பயணிகள் விமானத்துக்கு அது தாராளம். அப்போது ஒரு ஃப்ரேமுக்கு 27.8 மில்லி விநாடி கிடைக்கும். 40-க்கும் 60-க்கும் இடையே ஊசலாடும் கணினியைவிட 36-இல் அசையாமல் நிற்கும் கணினி கண்ணுக்கு இதம். இதற்கு விலையும் உண்டு: சுழலும் ப்ரொப்பெல்லரைச் சுற்றியும், அருகில் வேகமாகக் கடக்கும் விமானத்தின் ஓரத்திலும் படம் நெளியும். வானில் சண்டையிடும் டிசிஎஸ் விமானிகள் இதனாலேயே ஸ்பேஸ்வார்ப்பை அணைத்துவிட்டு, படத் தெளிவைக் குறைத்தாவது முழு 72-ஐ எட்டப் பார்க்கிறார்கள்.

மெட்டா லிங்க்கில் கன்ட்ரோலோடு எண் பலகையின் 1 அழுத்தினால் ஸ்பேஸ்வார்ப் அணையும், 3 அழுத்தினால் பாதி வேகத்தில் கட்டாயமாக இயங்கும், 4 அழுத்தினால் தானியங்கி. தானியங்கியைத் தவிருங்கள். முழு வேகத்துக்கும் பாதி வேகத்துக்கும் மாறி மாறித் தாவும்போதுதான் தலை சுற்றும்.

எந்த செட்டிங்கை முதலில் குறைப்பது?

ப்ராசஸர் தடை என்றால் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெய்ல் (தரைக்காட்சியின் நுணுக்க அளவு)தான் முதல் ஆள். 200-இல் இருந்தால் 100-க்குக் கொண்டுவாருங்கள். அடுத்து ஏஐ விமானப் போக்குவரத்து, விமான நிலைய வாகனங்கள், காக்பிட் திரைகளின் புதுப்பிப்பு வேகம். கிராபிக்ஸ் கார்டு தடை என்றால் மேகத்தை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்குவது ஒன்றே பெரிய அளவில் மிச்சம் தரும். அதன் பிறகு நிழல், பிரதிபலிப்பு, ஆம்பியன்ட் ஆக்லூஷன் (மூலைமுடுக்குகளில் படியும் மென்நிழல்).

டிசிஎஸ்ஸில் பிக்சல் டென்சிட்டியை 1.0-இல் விட்டுவிட்டு, ஹெட்செட் மென்பொருள் ஒன்றில் மட்டும் தெளிவை மாற்றுங்கள். இரண்டு இடத்திலும் ஏற்றினால் இரண்டும் பெருகிப் பிக்சல் எண்ணிக்கை எகிறும். காக்பிட்டின் பின்நோக்குக் கண்ணாடிகளை அணையுங்கள். காட்சியை மறுபடி மறுபடி வரைய வைப்பவை அவை. ஒரே நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி, அதே ஓடுபாதையில் அளக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் தகும்.

காக்பிட் திரையில் எண்கள் மங்கலாக, வால் பிடித்தாற்போல் தெரிகின்றன. ஏன்?

டிஎல்எஸ்எஸ் முந்தைய ஃப்ரேம்களிலிருந்து படத்தைக் கூட்டிக் கட்டுகிறது. உயரமானியில் ஓடும் எண்களுக்குப் பின்னால் பழைய எண்ணின் நிழல் படிவது அதனால்தான். டிஎல்எஸ்எஸ்ஸை பேலன்ஸ்டிலிருந்து குவாலிட்டிக்கு ஏற்றுங்கள். 2025 ஜனவரியில் டிஎல்எஸ்எஸ் 4-உடன் வந்த டிரான்ஸ்ஃபார்மர் மாடலை என்விடியா செயலி வழியாகப் பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளிலும் இயக்கலாம். எழுத்துகள் நன்றாகத் தெளியும், ஆனால் 20, 30 வரிசைக் கார்டுகளில் அது சற்றுக் கூடுதல் சுமை. டிஎல்எஸ்எஸ்ஸை விட்டுவிட்டு, ஓரங்களை மென்மையாக்கும் பழைய முறையான டிஏஏவுக்கு (TAA) திரும்பினால் எழுத்து தெளிவாகும், ஃப்ரேம் இறங்கும். இதையெல்லாம் செய்வதற்கு முன் லென்ஸ் இடைவெளி உங்கள் கண் இடைவெளிக்குச் சரியாக இருக்கிறதா, ஹெட்செட் முகத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே கீழே தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

பறந்துகொண்டிருக்கும்போது ஜாய்ஸ்டிக் துண்டித்துக்கொள்கிறது.

ஹெட்செட், த்ராட்டில், ஸ்டிக், ரடர் பெடல் எல்லாம் ஒரே யுஎஸ்பி கன்ட்ரோலரில் தொங்குகின்றன என்று அர்த்தம். ஹெட்செட்டுக்கு ஒரு போர்ட்டைத் தனியாக ஒதுக்கி, மற்றவற்றைத் தனி மின் அடாப்டர் கொண்ட ஹப்பில் போடுங்கள். பவர் பிளானில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ஹப்புக்கும் மின்சாரம் சேமிக்க அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். ஏஎம்டி 500 வரிசை போர்டில் யுஎஸ்பி விட்டு விட்டு இணைந்தால் 2021 ஏப்ரலுக்கு முந்தைய பயாஸா என்று பாருங்கள், ஏஜிசா 1.2.0.2 என்ற பயாஸ் உட்பதிப்பு அந்தக் கோளாறுக்காகவே வந்தது.

புதுக் கார்டு போட்டும் முன்பு மாதிரியே ஓடுகிறதே?

பெரும்பாலும் ஸ்டீம்விஆர் செய்யும் வேலை. ரெண்டர் தெளிவு ஆட்டோவில் இருந்தால், வலுவான கார்டைக் கண்டதும் அது தெளிவைத் தானாக உயர்த்திவிடும். புதுக் கார்டின் பலம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். கஸ்டம் என்று மாற்றி, பழைய எண்ணையே கொடுத்து ஒப்பிடுங்கள். பிறகு ஜிபியு-இசட் என்ற கருவியில் பிசிஐ இணைப்பு சுமையின்போது 16 லேனில் ஓடுகிறதா என்று பாருங்கள். கார்டை இரண்டாவது நீளமான ஸ்லாட்டில் செருகியிருந்தால் அது நான்கு லேனில் ஊர்ந்துகொண்டிருக்கும். ரேடியானிலிருந்து என்விடியாவுக்கோ மறுபக்கமோ மாறியிருந்தால் சேஃப் மோடில் டிடியு என்ற கருவியை ஓட்டிப் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டு, ஷேடர் கேஷையும் அழியுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் மேலே சொன்ன தெளிவு குறைக்கும் சோதனைக்கே திரும்ப வேண்டும். தடை ப்ராசஸரில்தான் இருக்கிறது.

விஆரில் தலை சுற்றுகிறது. கணினியை மாற்றினால் போய்விடுமா?

ஒழுங்கற்ற ஃப்ரேம்களால் வருவது போய்விடும். உடல் அசையாமல் கண் மட்டும் பறப்பதால் வருவது பழகப் பழகத்தான் குறையும். முகத்துக்கு நேராக ஒரு விசிறி, சிறிய மெதுவான விமானம், பதினைந்து இருபது நிமிடம், குமட்டல் தொடங்கிய உடனே நிறுத்துவது. அடக்கிக்கொண்டு தொடர்ந்தால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வரும்.

எப்போது மேம்படுத்துவதை விட்டுவிட்டுப் புதிதாகவே கட்டுவது?

போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றும் மாற வேண்டும், பவர் சப்ளைக்கும் எட்டு வயது ஆகிவிட்டது என்றால் நீங்கள் ஏற்கெனவே புதுக் கணினிதான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதை ஒப்புக்கொண்டு ஏஎம்5 போர்டில் 7800எக்ஸ்3டி அல்லது 9800எக்ஸ்3டி பக்கம் போங்கள். பெட்டி, எஸ்எஸ்டி, விசிறிகள், ஹெட்செட், ஜாய்ஸ்டிக் எல்லாம் அப்படியே கூட வரும். கிராபிக்ஸ் கார்டையும் முதலில் பழையதையே புதுப் போர்டில் செருகி, தெளிவைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3070 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஒரு புது ப்ராசஸரோடு சேர்ந்தாலே அது இன்னும் ஓரிரு வருடம் தாங்கும். கார்டுக்கான பணத்தை அதுவரை கையில் வைத்திருக்கலாம்.